மாற்று மூட்டும் மருத்துவமனைக் கட்டிலும்

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் தெமிஸ்டோக்ளஸ் குளுக். 1890இல் பெர்லினில், காசநோயால் சிதைந்த முழங்காலில் யானைத் தந்தத்தில் செய்த கீல் ஒன்றைப் பொருத்தினார். நோய்த்தொற்று அந்த முயற்சியைக் கெடுத்தது. 1923இல் பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் இடுப்பு மூட்டுக்குக் கண்ணாடிக் கிண்ணம் செய்து பார்த்தார்; கண்ணாடி உடைந்தது. 1940களின் பிற்பாதியில் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் தொடை எலும்பின் பந்துமுனைக்குப் பதிலாக அக்ரிலிக் உருண்டையை வைத்தார்கள். சிலருக்கு அது கிரீச்சிட்டது.

அந்தக் கிரீச்சொலிதான் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியை யோசிக்க வைத்தது. அப்படியொரு மூட்டு பொருத்தப்பட்டவர் அசையும்போதெல்லாம் எழுந்த சத்தம் தாங்காமல் அவர் மனைவி விலகியே இருந்தாராம். மற்றவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கும். சார்ன்லிக்கோ அது உராய்வின் அடையாளம். உராய்வு மிகுந்தால், எலும்புக்குள் செருகிய தண்டு நாளடைவில் தளர்ந்துவிடும். இங்கிலாந்தின் லங்காஷயரில், முன்பு காசநோயாளிகளுக்கென இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உலோகப் பந்தையும் வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணத்தையும் சேர்த்தார். பல் மருத்துவர்கள் புழங்கிவந்த அக்ரிலிக்கையே சிமென்டாக்கி அவற்றை எலும்பில் பிடிக்க வைத்தார்.

வலியில்லாமல் நடந்து வீடு திரும்பியவர்கள் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். பந்து டெஃப்லானைக் குடைந்துகொண்டு உள்ளே இறங்கியிருந்தது. உதிர்ந்த துகள்களால் சுற்றியிருந்த திசு வீங்கியிருந்தது. அப்படி மூட்டு வைத்துக்கொண்டவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். துகளைச் சோதிக்க சார்ன்லி தம் தொடையிலேயே அதை ஊசியால் ஏற்றிக்கொண்டார். அங்கே முடிச்சுகள் எழும்பின.

1962இல் ஒரு விற்பனையாளர் நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்கு உதவும் பாலிஎத்திலீன் துண்டொன்றை அவருடைய பட்டறைக்குக் கொண்டு வந்தார். சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, உருப்படாது என்று போய்விட்டார். பட்டறைக்காரர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மானம் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட இது இரவும் பகலும் மூன்று வாரம் ஓடியும் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே புதிய கிண்ணம் பொருத்தப்பட்டது. இன்றைய மூட்டுகளிலும் இதே இனப் பிளாஸ்டிக்தான் மிகுதி. முழங்கால் மூட்டுக்கும் இந்த உலோக–பிளாஸ்டிக் சேர்க்கையே வழிகாட்டியது; ரைட்டிங்டனில் பணிபுரிந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1960களின் இறுதியில் அதைச் செய்து காட்டினார்.

பொருள் சரியான பின்னும் கிருமி இருந்தது. வடிகட்டிய காற்று மேலிருந்து இறங்கும் தடுப்பறைக்குள், உடல் முழுக்க மூடிய அங்கியோடு சார்ன்லி அறுவை செய்தார். 1960ஐ ஒட்டி நூற்றுக்கு ஏழு பேர்வரை கண்ட தொற்று, பத்தாண்டில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது.

குணமாவது மட்டும் கட்டிலிலேயே நடந்தது. மூட்டை எட்டுவதற்காக வெட்டிய தொடை எலும்பு முனையைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடும்வரை, கால்களுக்கிடையே முக்கோணத் தலையணையோடு வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். அப்படிக் கிடப்பதில் தசை இளைக்கும், கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும். 1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட், நோயாளி இன்றும் ஏன் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற கேள்வியைக் கையில் எடுத்தார். வலி, வாந்தி, தலைசுற்றல், குழாய்கள் என்று விடை வர, ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைத்தார்கள். முதுகில் மரக்கச் செய்யும் ஊசி, பலவகை வலிமருந்துகளின் சிறு அளவுகள், அறுவை முடிந்த சில மணி நேரத்தில் வாக்கரோடு நடை என்று முறை மாறியது. 2000இல் பத்து நாளுக்கு மேல் நீடித்த டென்மார்க் மருத்துவமனை வாசம், 2009இல் நான்கு நாளானது.

இதனால் மருத்துவமனைச் செவிலியர் செய்த வேலையில் ஒரு பகுதி, அறுவைக்கு முந்தைய வாரங்களுக்கும் வீட்டுக்கும் நகர்ந்தது. ரத்தசோகையைச் சரிசெய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, புகையை விடுவது, தொடைத் தசைக்குப் பயிற்சி, வாக்கரில் முன்கூட்டியே நடந்து பழகுவது எல்லாம் இப்போது முன்னேற்பாடு. மாற்று இடுப்பின் பந்து கிண்ணத்திலிருந்து நழுவாமலிருக்க, இடுப்பை ஆழமாக மடக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை சார்ன்லி காலத்திலிருந்தே உண்டு. பல இடங்களில் அது இன்று தளர்ந்திருந்தாலும், சம்மணமிட்டே பழகிய நம் ஊரில் மருத்துவர்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே அறுவைக்கு நாள் குறித்ததும் பல வீடுகளில் முதலில் வந்து நிற்பவர், குந்தும் கழிப்பறையை உயரப் பீங்கானாக மாற்றிச் சுவரில் கைப்பிடி பதிக்க வரும் கொத்தனார்.