வழும்பிலிருந்து குருதிநீர்ம மாற்று வரை: டெக்ஸ்ட்ரான் என்னும் பாக்டீரியப் பல்சர்க்கரையின் வரலாறு

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகளில் பீட்ரூட் சாறு சில வேளைகளில் கெட்டியாகி வழும்பாய்த் திரண்டுவிடும். குழாய்கள் அடைபடும், வடிகட்டிகள் பயனற்றுப்போகும், தொட்டிகளில் தவளை முட்டைத் திரள் போன்ற கட்டிகள் தங்கும். ஆலை உரிமையாளர்களுக்கு இது வெறும் பொருளிழப்பு. அதே வழும்பு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் போர்க்களத்தில் குருதி இழந்தோரின் நாளங்களில் செலுத்தப்பட்டது. பொதுநூல்கள் இம்மாற்றத்தைத் 'தற்செயல் கண்டுபிடிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. அக்கூற்று எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் அமைப்பும்

இவ்வழும்பு நுண்ணுயிர்ச் செயலின் விளைவு என்பதை லூயி பாஸ்டர் 1861இல் எடுத்துரைத்தார். செருமானிய வேதியியலாளர் ஷைப்ளர் 1874இல் இது ஒரு கார்போஹைட்ரேட்டு என நிறுவி, டெக்ஸ்ட்ரான் என்று பெயரிட்டார். முனைவுற்ற ஒளியின் தளத்தை இது வலப்புறமாகச் சுழற்றும் பண்பே பெயருக்கு அடிப்படை. 1878இல் வான் டீகெம் இதனை உண்டாக்கும் பாக்டீரியத்துக்கு லூகோனாஸ்டாக் மெசன்டெராய்டஸ் என்னும் பெயரை வழங்கினார். ஆக, பதினேழு ஆண்டுகளில் காரணியும் பொருளும் பெயரும் கிடைத்துவிட்டன. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆலைகளின் அக்கறை இதனைத் தடுப்பதிலேயே இருந்தது, பயன்படுத்துவதில் இல்லை.

டெக்ஸ்ட்ரான் முழுவதும் குளுக்கோஸ் அலகுகளால் ஆனது. மாவுப்பொருளும் செல்லுலோசும் அவ்வாறே. வேறுபாடு பிணைப்பில் உள்ளது. மாவுப்பொருளின் முதன்மைச் சங்கிலியில் ஆல்ஃபா-1,4 பிணைப்பும், செல்லுலோசில் பீட்டா-1,4 பிணைப்பும், டெக்ஸ்ட்ரானில் ஆல்ஃபா-1,6 பிணைப்பும் அமைந்துள்ளன. 1,6 பிணைப்பு சங்கிலிக்கு மிகுந்த நெகிழ்வைத் தருகிறது. டெக்ஸ்ட்ரான் நீரில் எளிதில் கரைவதற்கு இதுவும் ஒரு காரணம். மனித உடலின் அமைலேசு நொதியால் இப்பிணைப்பை வெட்ட இயலாது என்பதும் பின்னர் மருத்துவத்தில் முதன்மை பெற்றது.

இப்பொருள் உருவாகும் முறை தனித்தன்மை வாய்ந்தது. எட்வர்டு ஹெரே 1941இல் உயிரணுக்கள் நீக்கப்பட்ட பாக்டீரியச் சாறே சுக்ரோசிலிருந்து டெக்ஸ்ட்ரானை ஆக்குவதைக் காட்டினார. டெக்ஸ்ட்ரான்சுக்ரேசு என்னும் நொதி சுக்ரோசை உடைத்துக் குளுக்கோசைச் சங்கிலியில் சேர்த்து, ஃபிரக்டோசை வெளியேற்றுகிறது. சேர்ப்பதற்கான ஆற்றல் சுக்ரோசின் பிணைப்பிலேயே இருப்பதால் உயிரணுவின் ஆற்றல் இருப்பு செலவாவதில்லை. பாக்டீரியத்தைப் பின்னர் அகற்றிவிட்டு நொதியைக் கொண்டே பொருளை ஆக்கலாம் என்னும் தொழில்நுட்ப வாய்ப்பு இங்குத்தான் பிறக்கிறது.

உப்சாலாவும் பியோரியாவும்

1940களின் தொடக்கத்தில் சுவீடனின் உப்சாலாவில் பியோர்ன் இங்கல்மன் பீட்ரூட் சாற்றிலிருந்த டெக்ஸ்ட்ரானை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதனைக் குருதிநீர்மத்துக்கு மாற்றாக்கலாம் என்னும் முயற்சியில் மருத்துவரான ஆண்டர்ஸ் குரோன்வால் அவருடன் இணைந்தார். இடர்ப்பாடு மூலக்கூறின் அளவில் இருந்தது. இயற்கை டெக்ஸ்ட்ரானின் மூலக்கூறு எடை பல பத்து இலட்சங்களைத் தொடும். அதனை அப்படியே நாளத்தில் செலுத்த இயலாது. மிகச் சிறிதாக உடைத்தாலோ சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடும். அமிலத்தால் பகுதியளவு நீராற்பகுத்து, ஆல்ககாலால் பிரித்தெடுத்து, வேண்டிய இடைநிலை அளவைப் பெறுவதே அவர்கள் கண்ட தீர்வு. இன்றும் டெக்ஸ்ட்ரான் 70, டெக்ஸ்ட்ரான் 40 என வழங்கும் பெயர்கள் முறையே 70,000, 40,000 என்னும் சராசரி மூலக்கூறு எடைகளையே குறிக்கின்றன. சுவீடனின் ஃபார்மசியா நிறுவனம் இதனை 1940களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் இவ்வரலாறு பெரும்பாலும் ஒரு பாட்டிலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் வேளாண் துறையின் வடக்கு மண்டல ஆய்வகத்துக்கு, கெட்டியாகிப்போன ரூட் பீர் வந்து சேர்ந்தது. (பெயரில் பீர் இருப்பினும் இது குளிர்பானமே.) அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே பி-512 என்னும் வகை, வணிக டெக்ஸ்ட்ரானின் பெரும்பகுதி பின்னர் இதன் வழிவந்த பி-512எஃப் வகையிலிருந்தே பெறப்பட்டது. இதன் பிணைப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு 1,6 வகையைச் சார்ந்தவை.

அப்பாட்டிலைத் திறந்து பார்த்த ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸ் இருந்தார் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். 1938இல் முனைவர் பட்டம் பெற்று 1941இல் அங்குப் பணியேற்ற அவர், சர்க்கரைப் பொருள்களின் வேதியியலில் தேர்ந்தவர். மாவுப்பொருளின் கிளைப்புள்ளிகளில் அமைவது 1,6 பிணைப்பே ஆதலால், அப்பிணைப்பாலேயே ஆன ஒரு பொருள் அத்தகையவருக்கு அந்நியமானதன்று. மேலும் ஒரு வகையோடு அவர் நிற்கவில்லை. 1954இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பாக்டீரிய வகைகளின் டெக்ஸ்ட்ரான்களை ஒப்பிட்டு வகைப்படுத்தி வெளியிட்டனர். எந்த வகை மருந்துக்கு ஏற்றது என்னும் தெரிவு இத்தகைய ஒப்பீட்டின்மேல் நிற்பது. பாட்டில் வந்தது தற்செயல். அதனை அடையாளங்கண்ட அறிவும், அதனைப் பேணிய நுண்ணுயிர்த் தொகுப்பகமும் தற்செயல் அல்ல. 1950இல் கொரியப் போர் மூண்டபோது, பலரது குருதியைக் கலந்து ஆக்கிய பிளாஸ்மா கல்லீரல் அழற்சியைப் பரப்புவது கவலையளித்தது. கிருமி நீக்கம் செய்து சேமிக்கத்தக்க டெக்ஸ்ட்ரான் அச்சூழலில் தேவைப்பட்டது. 1953இல் ஜீன்ஸுக்கு வேளாண் துறையின் உயர்சேவை விருது கிடைத்தது. அவ்விருதை அத்துறையில் பெற்ற முதற்பெண் அவரே.

எதிர்ப்பொருளும் கூழ்மமும்

டெக்ஸ்ட்ரான் குறையற்றதன்று. 1953இல் எல்வின் கபாட்டும் பெர்கும் இது மனிதரில் எதிர்ப்பொருளைத் தூண்டுவதைக் காட்டினர். சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேர்ந்தது. குருதி உறைதலிலும் குறுக்கீடு இருந்தது. ஆனால் கபாட் இக்குறையையே அளவுகோலாக்கினார். வெவ்வேறு நீளமுள்ள குளுக்கோஸ் சங்கிலித் துண்டுகளைக் கொண்டு சோதித்து, எதிர்ப்பொருளின் பிணைப்பிடம் ஏறக்குறைய ஆறு குளுக்கோஸ் அலகுகளை ஏற்கும் அளவினது என மதிப்பிட்டார். புரதத்தின் முப்பரிமாண வடிவம் காணக்கிடைக்காத காலத்தில் இது அரிய அளவீடு. மருத்துவப் பயனைவிட இதனையே டெக்ஸ்ட்ரானின் பெரிய கொடையாகக் கூறத் தோன்றுகிறது.

அதற்கு இணையாக வைக்கத்தக்கது 1959இல் போரத்தும் ஃபுளோடினும் வெளியிட்ட கூழ்ம வடிகட்டல் முறை. எபிகுளோரோஹைட்ரினால் குறுக்குப் பிணைப்பு இட்ட டெக்ஸ்ட்ரான் மணிகளின் நுண்துளைகளில் சிறு மூலக்கூறுகள் நுழைந்து தாமதிக்கும். பெரியவை முந்தி வெளியேறும். செபடெக்ஸ் என்னும் பெயரில் அம்மணிகள் உலகின் உயிர்வேதியியல் ஆய்வகங்கள் பலவற்றை அடைந்தன.

பியோரியா ஆய்வகம் அடுத்து முட்டைக்கோசு வகைப் பயிர்களின் கருப்பழுகல் நோய்க்காரணியாகிய சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிசிலிருந்து சாந்தன் பிசினை உருவாக்கியது. செல்லுலோஸ் போன்ற முதுகெலும்பும், ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோசில் மூவலகுப் பக்கச்சங்கிலியும் கொண்ட அப்பல்சர்க்கரைக்கு 1969இல் அமெரிக்க உணவுப் பயன்பாட்டு இசைவு கிடைத்தது. அதன் வரலாறு தனி ஆய்வுக்குரியது.

ஆலையில் எஞ்சியது

லூகோனாஸ்டாக் நமக்குப் புதியதன்று. இட்லி மாவு பொங்குவதில் இதன் பங்கை முகர்ஜி முதலியோர் 1965இல் வெளியிட்டனர். எனினும் மாவின் பிசுபிசுப்பை டெக்ஸ்ட்ரானோடு இணைத்துக் கூறுவது பொருந்தாது. உளுந்தின் சொந்தப் பல்சர்க்கரையே அதற்கு முதன்மைக் காரணம்.

கரும்பாலைகளிலோ இது இன்றும் பழைய பகையாகவே உள்ளது. வெட்டிய கரும்பு அரைவைக்குக் காத்துக்கிடக்கும்போது வெட்டுவாய் வழியே பாக்டீரியம் புகுந்து சுக்ரோசை டெக்ஸ்ட்ரானாக்குகிறது. சாறு தடித்து வடிதல் தாமதிக்கிறது. படிகங்கள் நீண்டு உருமாறுகின்றன. டெக்ஸ்ட்ரானின் ஒளிச்சுழற்சி சுக்ரோசினுடையதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு ஆதலால், கெட்ட சாற்றில் சர்க்கரை மிகுதியாக இருப்பதாகப் போலரிமீட்டர் காட்டிவிடுகிறது. ஷைப்ளர் பெயரிடக் காரணமான அதே வலச்சுழற்சி, ஆலையின் கணக்கில் இல்லாத சர்க்கரையை இருப்பதாக எழுதுகிறது.