குளியலறை தந்த கார்வை

கல்லால் எழுப்பிய பழைய பேராலயத்தில் பாடல் முடிந்த பின்பும், இறுதிச் சுரம் வளைவுகளிடையே சற்று நேரம் தங்கித் தேய்ந்து மறைவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். சொல்லைத் திருப்பிச் சொல்லும் எதிரொலி அன்று இது. எண்ணற்ற எதிரொலிகள் கலந்து உண்டாகும் கார்வை. பாடலுக்கு அழகு சேர்க்கும் இதே கார்வை மறையுரையைக் குழப்பிவிடும் என்பதைப் பீடத்தில் நிற்போர் அறிவர்.

இசைத்தட்டுக்கென ஒலிப்பதிவு செய்தவர்களும் தெளிவை வேண்டி, கூடங்களின் சுவர்களில் ஒலியை உறிஞ்சும் பொருள்களைப் பொதிந்து இக்கார்வையை அடக்கினர். சொற்கள் தெளிந்தன, குரலோ வறண்டு, எந்த இடத்திற்கும் உரியதன்று என்பதுபோல் ஒலித்தது. விரட்டியதை மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. 1931-இல் இலண்டன் ஆபி ரோட்டில் இ.எம்.ஐ. நிறுவனம் திறந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இதற்கெனவே ஓர் எதிரொலி அறை அமைந்தது.

தனி அறை இல்லாதவர் என்ன செய்வார்? 1947-இல் சிகாகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்னும் கூடத்தை நடத்திய பில் பட்னம், ஹார்மோனிகேட்ஸ் குழுவினர் மூவரின் மௌத் ஆர்கன் இசையைப் பதிவு செய்தார். அவ்விசையைக் கம்பி வழியே குளியலறைக்கு அனுப்பி, அங்கே ஓர் ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார். கடினமான சுவர்களில் மோதி நிறைந்த ஒலியை ஒலிவாங்கி ஒன்று ஏற்றுத் திருப்பி அனுப்பியது. அதனை மூல இசையோடு அளவறிந்து கலந்தார். கூடினால் இசை கலங்கும், குறைந்தால் பயனில்லை. 'பெக் ஓ மை ஹார்ட்' என்ற அந்த இசைத்தட்டு பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது.

பின்னர் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தார் தம் கட்டடத்தின் மாடிப்படிக் கூண்டையே இவ்வாறு பயன்படுத்தினர். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் லீ ஹேசல்வுட், டுவேன் எடியின் கிதார் இசைக்காகப் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைக் கூடத்திற்கு வெளியே நிறுத்தினார். பறவைகள் அதன்மேல் அமர்ந்து ஒலியெழுப்பினால் விரட்டிவிட்டுத்தான் பதிவைத் தொடர வேண்டுமாம்!

இது கேட்போரை ஏமாற்றுவது ஆகாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய மண்டபம் என்று நாம் எண்ணிக்கொண்டது நம் கற்பனை. ஒலி உண்மையாகவே ஓர் இடத்திற்குச் சென்று, அதன் சுவர்களைத் தொட்டுத் திரும்பியது. குளியலறை எளிய இடமாயினும் இடந்தானே!

1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம், சட்டத்தில் இழுத்துக் கட்டிய எஃகுத் தகட்டை அதிரச் செய்து கார்வை உண்டாக்கும் கருவியை வெளியிட்டது. அதற்கு அறையே வேண்டியதில்லை. ஆயினும் அது ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. அதனை வைப்பதற்கு ஓர் அறை தேவைப்பட்டது.