ரோஹாம்ப்டனில் மான் இல்லை

டென்னிஸ்காரர்களிடம் ‘ரோஹாம்ப்டன்’ என்றாலே போதும், விம்பிள்டன் தகுதிச் சுற்று என்று புரிந்துகொள்வார்கள். தென்மேற்கு லண்டனில், விம்பிள்டன் மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பகுதி அது. 1925 முதல் தகுதிச் சுற்று நடப்பது அங்கேதான். 1977இல் பதினெட்டு வயது ஜான் மெக்கென்ரோ அங்கே ஜெயித்து வந்து அரையிறுதி வரை போனார். பெண்கள் இரட்டையருக்கும் அங்கே ஒரு வாசல் இருந்தது. 16 ஜோடிகள், இரண்டே சுற்று. தேறுகிற நான்கு ஜோடிக்கு 64 ஜோடிகள் ஆடும் பிரதானப் போட்டியில் இடம். புல்தரை கோர்ட்டுகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். இந்தக் கோர்ட்டில் சர்வீஸ் போடுபவரின் காதில் பக்கத்துக் கோர்ட்டின் ஸ்கோர் விழும்.

அந்தப் பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ரோ’ என்பது ஒரு சிறிய மான் வகை. ஊரை ஒட்டியே ரிச்மண்ட் பூங்கா. முதலாம் சார்லஸ் 1637இல் வேட்டைக்காகச் சுவர் எழுப்பி வளைத்த இடம். இன்றும் நூற்றுக்கணக்கில் மான்கள் மேய்கின்றன. பிறகென்ன, மான் ஊர் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ஆனால் பூங்காவில் மேய்பவை செம்மானும் ஃபாலோ மானும். ரோ மான் அல்ல. தவிர, 1350ஆம் ஆண்டு ஆவணத்தில் ஊரின் பெயர் ‘ரோக்ஹாம்ப்டன்’. நடுவிலிருந்த அந்த ‘க்’தான் துப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரோக்’ என்றால் ரூக். காக்கை இனப் பறவை, அலகின் அடியில் இறகில்லாமல் வெளுத்த தோல் தெரியும், உயர்ந்த மரங்களில் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். அது கத்துகிற சத்தமே அதன் பெயராயிற்று. நம் காக்கையும் அப்படித்தானே. (சதுரங்கத்து ‘ரூக்’ வேறு; அது பாரசீக ‘ருக்’கிலிருந்து வந்தது.)

பெயரின் மீதியில் ‘ஹாம்’ என்றால் வீடு. ‘டூன்’ என்றால் வேலி போட்ட இடம், பண்ணை. ஆங்கிலத்தின் ‘டவுன்’ இதிலிருந்து வந்ததே. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் ‘ட்ஸவுன்’ இன்றைக்கும் வேலியைத்தான் குறிக்கிறது. ஆக, ரூக் பறவைகள் அண்டிய பண்ணைவீடு. பேச்சில் ‘க்’ தேய்ந்து உதிர, காக்கை மானாகிவிட்டது. இடுகுறியாகிப்போன பெயருக்குப் பொருள் தேடும்போது காதில் விழும் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. பழைய எழுத்துவடிவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மீண்டும் டென்னிஸுக்கு வருவோம். 2019இல் விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் தகுதிச் சுற்றை 96 பேரிலிருந்து ஆண்களுக்குச் சமமாக 128 ஆக உயர்த்தினார்கள். நியாயமான காரியம்தான். அதே ஆண்டு இரட்டையர் தகுதிச் சுற்றையே எடுத்துவிட்டார்கள். இது எனக்கு உவப்பாக இல்லை. இப்போது இரட்டையர் ஜோடி உள்ளே போக இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்க்கிறார்கள். அதில் எட்டாதவர்கள் அமைப்பாளர்கள் தரும் நேரடி அனுமதியான வைல்டு கார்டுக்குக் காத்திருக்க வேண்டும். ரோஹாம்ப்டன் என்ற சொல் இனி ஒற்றையர் ஆடுபவர்களுக்கு மட்டும்.