கோணல் கண்ணாடி

நாற்பதைத் தாண்டியவனுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. எனக்கும் வந்தது. குரோம்பேட்டைக் கடைவீதியில் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். வில்லையில் குற்றமில்லை, சட்டம்தான் கோணல். மாடிப்படி இறங்கும்போது இல்லாத படியில் காலை வைத்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அப்போது நினைவுக்கு வந்தவர் ஹெஸ்கெத் பிரிச்சர்டு.

1876-ல் நம் ஜான்சியில் பிறந்த ஆங்கிலேயர் அவர். வேட்டைக்காரர், கிரிக்கெட் ஆட்டக்காரர், என்னைப் போலவே கதை எழுதிப் பிழைத்தவர். 1915-ல் பத்திரிகை நிருபர்களை அழைத்துச் செல்லும் அதிகாரியாகப் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். கர்வாலிகள், கூர்க்கர்கள், சீக்கியர்கள் என்று நம் நாட்டுச் சிப்பாய்களும் அவ்வருஷம் அங்கே இருந்தார்கள். பதுங்கு குழியிலிருந்து தலையைத் தூக்கியவனை ஜெர்மானியர் மறைந்திருந்து சுட்டு வீழ்த்தினார்கள்.

பதிலுக்குச் சுட, பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் வந்தன. லீ-என்ஃபீல்டு நல்ல துப்பாக்கிதான். இரண்டையும் சேர்த்த விதம்தான் விபரீதம். ஐந்து தோட்டாக்களைப் பிடியில் கோத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவது அதன் வழக்கம். தொலைநோக்கியை நடுவில் வைத்தால் அந்த வழி அடைபடும் என்று இடப்பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். நாள் முழுதும் காத்திருந்து ஒரு குண்டு சுடுகிறவனுக்கு அவசர வசதி எதற்கு?

காப்புக்கு நிறுத்திய எஃகுத் தகட்டின் சிறு துவாரத்தில் துப்பாக்கியை நீட்டினால், குழலுக்கு வழி இருந்தது. கண்ணுக்கு எதிரே தகடு இருந்தது! திருகு தளர்ந்தால் இன்னும் மோசம். 100 கஜத்தில் ஓர் அங்குலப் பிழை, 300 கஜத்தில் மூன்று அங்குலமாகிவிடும்.

பிரிச்சர்டு ஒவ்வொரு துப்பாக்கியாகச் சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்தினார். 1916-ல் அதற்கென்றே ஒரு பள்ளியும் அமைத்தார். காகிதக் கூழால் செய்த பொய்த் தலையைக் குழிக்கு மேலே உயர்த்துவார்கள். எதிரி சுட்டால் முன்னும் பின்னும் இரு துளைகள் விழும். அவற்றின் வழியே நேர்கோடு பார்த்தால் சுட்டவன் இருக்குமிடம் தெரியும். கதாசிரியனின் தந்திரம் அல்லவா!

1922-ல், 45-வது வயதில் அவர் இறந்தார். அடுத்த மகா யுத்தத்தில், 1942-ல் ஏற்ற துப்பாக்கியில் தொலைநோக்கி குழலுக்கு நேர் மேலே வந்தது. கன்னம் சாய மரக்கட்டையும் வைத்தார்கள். தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் வரைபடம் போட்டவர் அந்தத் துவாரத்தின் வழியே ஒரே ஒரு முறை பார்த்திருக்கலாம்.

மறுநாளே கடைக்குப் போய்ச் சட்டத்தை நிமிர்த்திக்கொண்டேன். எனக்கு முழங்காலோடு போயிற்று.