கூட்டுக் கணினியும் பெரட்டுக் கணக்கும்



விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வழக்கம் நம் தோட்டக் குடும்பங்கள் நன்கு அறிந்தது. வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிந்த பிறகே நிரை பிரிக்கப்படும். வராதவருடைய மரங்களுக்கு மாற்று ஆள் போடாவிட்டால் அன்றைய பால் நட்டம். பல கணினிகளைச் சேர்த்து வேலை வாங்கியவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெராடேட்டா என்னும் நிறுவனம் தோன்றியது. பெரிய வங்கிகளின் கணக்கு பெருகப் பெருக, ஒரே கணினி அதைச் சுமக்கத் திணறிய காலம் அது. சிறிய செயலிகள் பலவற்றை இணைத்துச் சுமையைப் பங்கிட்டால் என்ன என்று அந்நிறுவனத்தார் எண்ணினர். 1983இல் அவர்களுடைய முதல் இயந்திரம் வெல்ஸ் பார்கோ வங்கிக்குச் சென்றது. அதன் பெயர் டிபிசி 1012. பத்தின் பன்னிரண்டாம் அடுக்கை, அதாவது ஓர் இலட்சம் கோடியை, அந்த எண் குறித்தது. அத்தனை எழுத்துகளையும் தாங்க வேண்டும் என்பதே இலக்கு. 1992இல் வால்மார்ட் கடைகளின் கணக்கில் அந்த இலக்கு எட்டப்பட்டது.

இந்த இயந்திரம் வேலை செய்யும் முறை எளியது. கணக்குப் பதிவுகள் எல்லாச் செயலிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும். கேள்வி வந்ததும் ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் தேடும். எல்லாம் ஒரே நேரத்தில் தேடுவதால் விடை விரைவில் கிடைக்கும்.

ஆனால், ஒரு செயலி படுத்துவிட்டால் அதனிடம் உள்ள கணக்கு என்னாவது? வாடிக்கையாளர் ஒருவரின் சேமிப்பே காணாமற் போனது போலாகிவிடுமே! இதற்காக ஒவ்வொரு பதிவின் மறுபடியையும் அதே குழுவிலுள்ள வேறொரு செயலியிடம் வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஒன்று விழுந்தால் மற்றது விடை சொல்லும். இடையில் நேரும் மாற்றங்கள் தனிக் குறிப்பேட்டில் பதிவாகும். விழுந்தது எழுந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

1990களின் நடுவில் ஒரு மாற்றம் வந்தது. தனிப் பெட்டியாக இருந்த செயலி, உருவமற்ற மென்பொருளாயிற்று. இதை மெய்நிகர் செயலி என்பர். ஒரே பெட்டிக்குள் இத்தகைய செயலிகள் பல குடியிருக்கும். அந்தப் பெட்டி பழுதானால் அவை அதே வட்டுகளோடு இணைந்த பக்கத்துப் பெட்டிக்குக் குடிபெயரும். ஆகவே பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாமற் போயிற்று. ஒவ்வொரு செயலியின் நிலையையும் காட்டும் பட்டியல் தேவைப்பட்டது. பணியில் உள்ளது, பணியிலிருந்து விலகியுள்ளது, கடுங்கோளாறு கண்டது, புதிதாகச் சேர்ந்தது என்று அந்தப் பட்டியல் வகைபிரித்துக் கூறும்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு செயலி விழுந்தாலும் வேலை நிற்பதில்லை. விடையும் சரியாகவே வருகிறது. ஆதலால் பட்டியலைப் பாராதவருக்குக் குறை தெரிவதில்லை. அதே குழுவில் இரண்டாவது செயலியும் விழும்போதோ முழு இயந்திரமும் நின்றுவிடும். அப்போது விழித்து என்ன பயன்?

வேலை நடக்கிறது என்பதற்காகப் பெரட்டு எடுக்காமல் விடுவதில்லை. பலர் கூடிச் செய்யும் வேலையில், ஒருவர் இல்லாததை அன்றைக்கே அறிவதுதான் மற்ற எல்லாருக்கும் காவல்.