கோதுமை வயலிலிருந்து கோர்ட்டுக்கு

நெல் அறுத்தவர்களுக்குத் தெரியும், அறுப்பது பாதி வேலைதான். கட்டுக் கட்டிச் சுமந்து, களத்தில் அடித்து, காற்று வரும் நேரம் பார்த்துத் தூற்றி, பதர் போக்கி, மூட்டை பிடித்தால்தான் நெல் வீடு வந்து சேரும். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் கோதுமை விவசாயிக்கும் இதே பாடுதான். போதாததற்கு ஆள் பஞ்சம் வேறு. 1843இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் வந்த ‘ஸ்டிரிப்பர்’ பாதித் தொல்லையைத் தீர்த்தது. குதிரை இழுக்க, வண்டியின் முன்னால் இருக்கும் சீப்புப் பற்கள் கதிரை மட்டும் வாரிப் பிடுங்கும். சுழலும் கட்டைகள் அடித்து மணியை உதிர்க்கும். தாள் வயலிலேயே நிற்கும். ஆனால் பெட்டிக்குள் விழுவது மணியும் உமியும் கலந்த குவியல். அதை இறக்கித் தூற்ற இன்னொரு எந்திரமும் ஆட்களும் வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தில் டிரம்மார்ட்டின் என்ற சிற்றூரில், ஹியூ விக்டர் மெக்கே என்ற 19 வயது இளைஞன் தன் அண்ணனோடு சேர்ந்து, 1884-85இல், வீட்டுப் பட்டறையிலேயே ஓர் எந்திரம் செய்தான். பறிப்பது, அடிப்பது, தூற்றுவது மூன்றும் வயலில் ஒரே ஓட்டத்தில் நடந்து, சுத்தமான கோதுமை சாக்கில் இறங்கியது. இந்த யோசனை அவனுக்கு மட்டும் வந்ததல்ல. ஜேம்ஸ் மாரோ என்பவரும் அதே காலத்தில் இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். யார் முதல் என்ற வழக்கு வெகுகாலம் பேசப்பட்டது. என் கணக்கில் அது பெரிய விஷயமில்லை. எந்திரத்தைச் செய்தவர்கள் பலர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்று ஒரு சாம்ராஜ்யம் கட்டியவர் மெக்கே.

1890களின் வங்கி நெருக்கடியில் அவர் கம்பெனி நொடித்தது. மறுபடி எழுந்து, திருத்திய எந்திரத்துக்கு ‘சன்ஷைன்’ என்று பெயர் வைத்தார். டால்மேஜ் என்ற அமெரிக்கப் பிரசங்கியின் உரையைக் கேட்ட நினைவில் வைத்த பெயர் என்பார்கள். பல்லாரட் நகரத் தொழிற்சாலையிலிருந்து சன்ஷைன் ஹார்வெஸ்டர் கப்பலேறி அர்ஜென்டினா வரை போனது. பிறகு மெக்கே மெல்பர்னுக்கு மேற்கே பிரேபுரூக் ஜங்ஷனில் ஒரு தொழிற்சாலையை வாங்கி, வேலையை அங்கே மாற்றினார். அங்கே ரயில் சந்திப்பு இருந்தது, துறைமுகமும் பக்கம். மாநிலக் கூலி வாரியத்தின் உத்தரவு அந்த ஊருக்கு எட்டவில்லை என்பதும் ஒரு காரணம். 1907இல் அந்த ஊரின் பெயரே சன்ஷைன் ஆயிற்று. எந்திரத்தின் பெயரை ஊர் எடுத்துக்கொண்டது.

இதற்குள் கனடாவின் மாஸி-ஹாரிஸும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் தங்கள் எந்திரங்களை இறக்கத் தொடங்கியிருந்தன. மெக்கே அரசிடம் பாதுகாப்புக் கேட்டார். பிரதமர் ஆல்ஃபிரட் டீக்கின் பாதுகாப்புக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். 1906இல் இரண்டு சட்டங்கள் வந்தன. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஹார்வெஸ்டருக்கும் 12 பவுண்டு இறக்குமதித் தீர்வை. உள்நாட்டில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் 6 பவுண்டு கலால் வரி. ஆனால் தொழிலாளிக்கு ‘நியாயமான, ஏற்கத்தக்க’ கூலி கொடுக்கும் முதலாளிக்கு அந்தக் கலால் வரி கிடையாது. போட்டியிலிருந்து காப்பாற்றப்படும் முதலாளி, அந்த லாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கும் தரவேண்டும் என்பதே நோக்கம். சட்டம் போட்டவர்கள் எது நியாயமான கூலி என்பதை மட்டும் சொல்லவில்லை. நீதிபதி தலையில் கட்டிவிட்டார்கள்.

என் தொழிற்சாலையில் கொடுப்பது நியாயமான கூலிதான் என்று சான்று கேட்டு மெக்கே 1907இல் மெல்பர்னில் சமரச-நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன் தலைவர் ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸ். அயர்லாந்தில் மதபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; இளமையில் திக்குவாயோடு போராடியவர். அரசியல் சாசன மாநாட்டில், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்று வாதாடி அந்தப் பிரிவைச் சேர்க்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1906 முதல் அவர் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்திலும் நீதிபதி. பெயர்தான் உயர் நீதிமன்றம். நாடு முழுவதற்கும் தலைமையான நீதிமன்றம் அது.

விசாரணையில் நடந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. வீடு நடத்தும் ஒன்பது பெண்களின் வாராந்தரச் செலவுக் கணக்கை ஹிக்கின்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு, காய்கறி, பழம். இவற்றின் சராசரி 1 பவுண்டு 12 ஷில்லிங் 5 பென்ஸ். மெக்கே கூலியாளுக்குக் கொடுத்தது நாளுக்கு 6 ஷில்லிங். வாரம் ஆறு நாளைக்கு 36 ஷில்லிங். கழித்தால் மிச்சம் 3 ஷில்லிங் 7 பென்ஸ். அந்தக் கணக்கில் சேராத செலவுகளையும் அவர் ஒவ்வொன்றாக எழுதினார்: விளக்கு, துணி, செருப்பு, தட்டுமுட்டுச் சாமான், காப்பீடு, சேமிப்பு, வேலையில்லாத நாள், சங்கச் சந்தா, புத்தகம், பத்திரிகை, டிராம் கட்டணம், தையல் எந்திரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, விடுமுறை, நோய், சாவு, கோயில் காணிக்கை. இத்தனைக்கும் 3 ஷில்லிங் 7 பென்ஸ் போதுமா, குடிக்காத, புகைக்காத மனிதனுக்குத்தான் போதுமா என்று கேட்டார். சட்டப் புத்தகம் அடுக்கிய மேசைக்கு அடுப்படிக் கணக்கு வந்துசேர்ந்தது.

கூலியைச் சந்தையின் பேரத்துக்கு விட்டுவிட முடியாது என்றார். பேரம் பேசிக் கிடைக்கும் கூலியே போதும் என்றால் பாராளுமன்றம் இந்த நிபந்தனையே போட்டிருக்காது. ஒருவன் தன் குதிரைகளை நல்லபடியாக நடத்த வேண்டும் என்று சொல்லி இன்னொருவனிடம் கொடுத்தால், தீனி, தண்ணீர், நிழல், ஓய்வு எல்லாம் அதில் அடக்கமில்லையா என்று உவமை சொன்னார். குதிரை இழுக்கும் எந்திரத்தைப் பற்றிய வழக்கில் இந்த உவமை வந்து விழுந்தது. நாகரிகச் சமூகத்தில் மனிதனாக வாழும் ஒரு சராசரித் தொழிலாளியின் இயல்பான தேவைகளே அளவுகோல் என்று வகுத்து, 1907 நவம்பர் 8ஆம் தேதி, கூலியாளுக்கு நாளுக்கு 7 ஷில்லிங், வாரத்துக்கு 42 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார். மனைவி, பிள்ளைகளோடு சுமார் ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு அது. மெக்கேக்குச் சான்று மறுக்கப்பட்டது.

அவர் கூலியை உயர்த்தவும் இல்லை, வரியைக் கட்டவும் இல்லை. அரசு வழக்குப் போட்டது. பார்ஜர் என்ற இன்னொரு உற்பத்தியாளர் மீதும் வழக்கு. இரண்டும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தன.

அந்த நீதிமன்றத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகவில்லை. 1903 அக்டோபர் 6ஆம் தேதி மெல்பர்னில் முதல் அமர்வு நடந்தது. தலைமை நீதிபதி சாமுவேல் கிரிஃபித், குயின்ஸ்லாந்தின் முன்னாள் முதல்வர், சாசன நகலின் முக்கிய ஆசிரியர். எட்மண்ட் பார்ட்டன், ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர். ரிச்சர்ட் ஓ’கானர், செனட்டில் பார்ட்டனின் தளபதி. தாங்களே கட்டிய வீட்டுக்குத் தாங்களே காவலர் என்ற உரிமையோடு இந்த மூவரும் பேசினார்கள். மாநிலங்களுக்கு விட்டுவைத்த அதிகாரத்தில் மத்திய அரசு கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1906இல் வந்துசேர்ந்த ஐசக் ஐசக்ஸும் ஹிக்கின்ஸும் அதை ஏற்கவில்லை. அவர்களும் மாநாட்டில் இருந்தவர்கள்தான். சாசனத்தில் எழுதியிருக்கிற அதிகாரத்தை எழுதாத ஒரு கொள்கையால் குறுக்கக் கூடாது என்றார்கள்.

1908 ஜூன் 26ஆம் தேதி மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது. பெயர் கலால் வரி, வேலையோ கூலியை ஒழுங்குபடுத்துவது. அது மாநிலங்களின் காரியம். எனவே சட்டம் செல்லாது என்றார் கிரிஃபித், பார்ட்டனும் ஓ’கானரும் உடன்பட. ஐசக்ஸும் ஹிக்கின்ஸும் மாறுபட்டு எழுதினார்கள். மெக்கே வென்றார். ஆறு ஷில்லிங்கே நின்றது.

ஆனால் 7 ஷில்லிங் சாகவில்லை. சட்டம் விழுந்தாலும் எண் பிழைத்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது. சமரச-நடுவர் நீதிமன்றத்தின் நாற்காலியில் ஹிக்கின்ஸ் 1921 வரை இருந்தார். ஒவ்வொரு தகராறிலும் ஹார்வெஸ்டர் அளவைத்தான் தரையாக வைத்தார். அதைக் கொடுக்க முடியாத சுரங்கம் மூடிக்கிடக்கட்டும், தொழிலாளி குடும்பம் பட்டினி கிடக்க வேண்டாம் என்ற நிலையில் அவர் அசையவில்லை. விலைவாசிக்கேற்ப உயர்ந்து, ‘அடிப்படை ஊதியம்’ என்ற பெயரில் அந்த அளவு 1967 வரை நாட்டை ஆண்டது. 1920இல் பொறியாளர் சங்க வழக்கில், மாநிலங்களுக்கு விட்டுவைத்த அதிகாரம் என்ற அந்தக் கொள்கையையே உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அதற்குள் ஓ’கானரும் பார்ட்டனும் காலமாகியிருந்தார்கள். கிரிஃபித் ஓய்வு பெற்றிருந்தார். முக்கியத் தீர்ப்பை எழுதியவர் ஐசக்ஸ். பன்னிரண்டு ஆண்டு பொறுத்து மாறுபட்ட தீர்ப்பு ஜெயித்தது.

அந்த 7 ஷில்லிங்கில் எல்லாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஆணின் கூலி. பெண்ணை அவன் காப்பாற்றுவான் என்று எடுத்துக்கொண்ட கூலி. 1919இல் துணித் தொழில் வழக்கில் ஹிக்கின்ஸே பெண்ணுக்கு வகுத்த அடிப்படைக் கூலி, ஆணின் கூலியில் 54 சதவீதம்தான். வீட்டுக் கணக்கை எழுதிக் கொடுத்தது பெண்கள். அந்தக் கணக்கில் உழைப்பாளியாக அவர்கள் இடம்பெறவில்லை. வடக்கே மாட்டுப் பண்ணைகளில் உழைத்த ஆதிக்குடி மக்களுக்குச் சம ஊதியம் வழங்க 1966இல்தான் தீர்ப்பு வந்தது. அதுவும் 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

எந்திரத்தின் கதைக்குத் திரும்புகிறேன். 1911இல் சன்ஷைன் தொழிற்சாலையில் பெரிய வேலைநிறுத்தம். மெக்கே பணியவில்லை, சங்கம்தான் தோற்றது. ஹென்டி ஊரின் ஹெட்லி டெய்லர், சாய்ந்த பயிரையும் எடுக்கும் ‘ஹெடர்’ எந்திரத்தைக் கண்டுபிடிக்க, மெக்கே அதன் உரிமையை வாங்கிக்கொண்டார். பழைய ஸ்டிரிப்பர்-ஹார்வெஸ்டர் கொட்டகைக்குப் போனது. 1926இல் மெக்கே இறந்தார். 1950களில் கம்பெனி, அவர் யாரைத் தடுக்கத் தீர்வை கேட்டாரோ அந்த மாஸியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1980களில் தொழிற்சாலை மூடியது. அந்த இடத்தில் இன்று கடைத்தெரு, பக்கத்தில் பழைய மணிக்கூண்டு.

ஹிக்கின்ஸின் அளவுகோல் மட்டும் கடல் தாண்டிப் பயணம் செய்தது. சுதந்திர இந்தியாவின் நியாயக் கூலிக் குழு, வாழ்வூதியம் என்றால் என்ன என்பதற்கு ஹார்வெஸ்டர் வழக்கின் வரையறையை எடுத்துக்காட்டியது. பத்திரிகையாளர்களின் சம்பளம் பற்றிய எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில், 1958 மார்ச் 19ஆம் தேதி, நம் உச்ச நீதிமன்றமும் அதை மேற்கோள் காட்டியது. அதே தீர்ப்பில், பத்திரிகைத் தொழிலின் கொடுக்கும் சக்தியைச் சம்பள வாரியம் ஆராயவில்லை என்று காரணம் சொல்லி, அந்த வாரியம் நிர்ணயித்த சம்பளம் செல்லாது என்றும் அறிவித்தது.