மூன்று வரியில் ஒரு செங்கல் சுவர்

போன வாரம் பரணை ஒழித்தபோது என் பழைய 45 டிகிரி செட் ஸ்கொயர் கிடைத்தது. ஓரமெல்லாம் மசிக்கறை. எத்தனை ஆயிரம் சாய்கோடு இழுத்திருக்கும்! வரைபடத்தில் சுவரையும் இரும்பையும் காட்ட இடத்தைக் கோடுகளால் நிரப்புவோமே, அதற்கு ஹேட்சிங் என்று பெயர்.

ஒரு காலத்தில் அங்கே கோடு கிடையாது, வர்ணம்தான். 19ஆம் நூற்றாண்டில் செங்கலுக்குச் சிவப்பு, தேனிரும்புக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள் என்று தூரிகையால் பூசினார்கள். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலநகல் முறை, சில பத்தாண்டுகளில் வரைபட ஆபீசுகளுக்குள் புகுந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு விழும், வர்ணம் விழாது. பொருளைக் கோட்டாலேயே காட்டவேண்டி வந்தது. எங்கள் பிழைப்பும் அப்படி வந்ததுதான்.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் வெளியானது. எங்கள் ஆபீசுக்கு அது வந்தபோது எனக்குத் தலை நரைத்தாயிற்று. அரை நாள் வேலையை அரை நிமிடத்தில் முடித்தது. வயிறு கலங்கியது உண்மை.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு காம்பவுண்டுச் சுவரில். பூச்சில்லாத ஒன்பது அங்குலச் சுவர். மெஷினில் இருந்த ‘பிரிக்’ டிசைனைப் போட்டு நகலை அனுப்பிவிட்டேன். மறுநாள் மேஸ்திரி அதைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன சார், எல்லாக் கல்லும் நீளவாக்குலயே இருக்கு? குறுக்குக் கல் இல்லாம கட்டினா செவுரு ரெண்டா பொளந்துக்குமே?”

அவர் சொன்னது சரி. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு வரிசை நீளக் கல், ஒரு வரிசை குறுக்குக் கல். அதுதான் இங்கிலீஷ் பாண்டு. மெஷினின் டிசைனில் கல்லின் உயரம் கால் அங்குலம், நீளம் அரை அங்குலம். 12 மடங்கு பெரிதாக்கினால் உயரம் 3 வரும், நீளம் 6தான் வரும். நம் கல்லோ 9. அது நம் சுவரே இல்லை!

அன்று சாயங்காலம் கையேட்டைப் புரட்டினேன். அந்த டிசைன்களெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு கோட்டுக்கு ஐந்து எண்: கோணம், தொடங்கும் புள்ளிக்கு இரண்டு, அடுத்த கோடு எவ்வளவு நகர்ந்து, எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்பதற்கு இரண்டு. விட்டுவிட்டு வரும் கோடானால் பின்னால் இன்னும் சில எண்கள். மைனஸ் போட்டால் இடைவெளி. நாங்கள் செட் ஸ்கொயரை நகர்த்திய கணக்கேதான்.

என் சுவருக்கு மூன்று வரி போதுமாயிருந்தது:

0, 0,0, 0,3
90, 0,0, 0,9, 3,-3
90, 2.25,3, 0,4.5, 3,-3

முதல் வரி படுக்கைச் சாந்து. இரண்டாவது நீளக் கல்லின் மூட்டு. மூன்றாவது குறுக்குக் கல். கீழ் மூட்டோடு சேராமல் இரண்டேகால் அங்குலம் தள்ளித் தொடங்குகிறது. மேலே நட்சத்திரக் குறியோடு ஒரு பெயர். கோப்புக்கும் அதே பெயர். கடைசி வரிக்குப் பின் எண்டர் தட்ட மறந்து ஒரு மணி நேரம் முழித்தது தனிக் கதை.

புது நகலை மேஸ்திரி தரையில் விரித்து, ஒவ்வொரு வரிசையாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சித்தாளைப் பார்த்து, “சாந்து கலக்கும்மா” என்றார்.